எந்தப் பொறியியல் பிரிவு கடினம்? கட் ஆஃப் சொல்லாத கணக்கு

சேலம் ஐந்து ரோடு அருகே, பொறியியல் மாணவர்களுக்குக் கணிதத் தாள்களும் மின்சுற்றுத் தாளும் சொல்லிக்கொடுக்கும் சிறிய தனிப்பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திவருகிறேன். கலந்தாய்வு அறிவிப்பு வெளியாகும் நாள்களில் எங்கள் மாடிப்படியில் இரண்டு வகையான ஆட்கள் ஏறி வருவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை அழைத்துவந்து, "சார், இவனுக்கு எந்த குரூப் சுலபமா வரும்?" என்று கேட்கும் பெற்றோர் ஒரு வகை. ஏற்கெனவே கல்லூரிக்குள் போய், இரண்டு மூன்று அரியரோடு வெளியே வர வழி தேடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரின் மனத்தில் ஒரு வரிசை தயாராக இருக்கும்: கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் எல்லாவற்றிலும் கடினம், அடுத்து இ.சி.இ. (மின்னணுவியலும் தொடர்பியலும்), அதன்பின் ட்ரிபிள் இ (மின்னியலும் மின்னணுவியலும்), மெக்கானிக்கல், கடைசியில் சிவில். இரண்டாம் வகையினர் கொண்டுவரும் வினாத்தாள்களைப் பார்த்தால் அந்த வரிசைக்கு ஆதாரம் எதுவும் கிடைப்பதில்லை.

வரிசை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு கைவிடப்பட்ட பிறகு, பிளஸ் டூ கணிதம் 100க்கும் இயற்பியல், வேதியியல் ஆகியவை தலா 50க்குமாகச் சுருக்கப்பட்டு, 200க்குக் கணக்கிடப்படும் கட் ஆஃப் ஒன்றே இடத்தைத் தீர்மானிக்கிறது. கட் ஆஃப் ஏறி நிற்பதற்கு ஒரே காரணம், அந்த இடத்துக்கு மோதுகிறவர்கள் அதிகம் என்பதுதான். உள்ளே இருக்கும் பாடத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. மல்கோவா விலை கூடியிருக்கிறது என்பதற்காக அதைத் தின்பது கடினம் என்று சேலத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு மெக்கானிக்கல், சிவில் இடங்களுக்கே முந்தியடித்தார்கள். வெப்ப இயக்கவியல் அப்போதும் இதே வெப்ப இயக்கவியல்தான்.

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து முடிவுசெய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கட் ஆஃப் 190க்கு மேல் எடுத்தவர்கள் நிறைந்த வகுப்பையும், கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பையும் பக்கத்தில் வைத்து, முதலாவதில் அரியர் குறைவு என்பதால் அந்தப் பாடம் எளிது என்று சொன்னால், நாம் அளந்தது பாடத்தை அன்று, அங்கே வந்து சேர்ந்த மாணவர்களை. விருப்பமில்லாமல் சேர்ந்த பிரிவில் அரியர் விழுவதற்குப் பாடம் எவ்வளவு காரணம், மனக்கசப்பு எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது யாராலும் ஆகாது.

இத்தனை ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றதில் எனக்குப் பிடிபட்ட அளவுகோல் வேறு. ஒரு மாணவன் தவறு செய்கிறான். தான் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியவர எவ்வளவு காலம் ஆகிறது? அந்த இடைவெளி நீள நீளப் பாடம் கடினமாகிறது. தவறு கண்ணுக்குத் தென்படாத இடத்தில் நடந்தால் கடினம் இரட்டிப்பாகிறது. இந்த அளவுகோலை ஒவ்வொரு பிரிவின் மேலும் வைத்துப் பார்த்தால், பழைய வரிசை கலைந்து வேறொரு படம் வருகிறது.

கம்ப்யூட்டர் சயன்ஸில் இந்த இடைவெளி ஒரு நொடி. அரைப்புள்ளி விடுபட்டால், எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் உடனே சொல்லிவிடும். வேறெந்தப் பொறியியல் மாணவனுக்கும் நாளொன்றுக்கு ஐம்பது முறை தோற்று ஐம்பது முறை திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கிடையாது. கையில் கணினி இருக்கிறவனுக்கு இது பெரிய வரம். அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது கிராமத்து மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய படிக்கட்டு என்பது அப்போது படித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த உடனடிப் பதில் தொடரியல் பிழைக்கு மட்டுமே. நிரல் ஓடுகிறது, விடையும் வருகிறது, பத்தாயிரம் உள்ளீடு கொடுத்தால் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், பிழை எங்கே என்று கம்பைலர் சொல்லாது. ஐந்தாம் செமஸ்டர் வாக்கில் கணிப்பியல் கோட்பாட்டுத் தாள் வரும்போது கணினியே மேசையிலிருந்து மறைந்துவிடுகிறது. எந்த நிரலும் தீர்க்க இயலாத கேள்விகள் உண்டு என்று 1936இல் ஆலன் டூரிங் நிறுவியதை, தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி நிறுவ வேண்டும். அதுவரை நிரல் எழுதுவதில் கெட்டிக்காரனாக இருந்தவன் அங்கே திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பள்ளியில் வடிவியல் நிறுவல்களை ரசித்தவன் சட்டென்று மேலே வந்துவிடுவான்.

சிவில் எளிது என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லாதது. சிவிலின் கடினம் சங்கிலிக் கடினம். பொறியியல் இயக்கவியலில் ஒரு பொருளைத் தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் வரையும் விசைப்படத்தை ஒருவன் முதலிலேயே சரியாகப் பிடிக்கவில்லை என்றால், அது பொருள்களின் வலிமைத் தாளில் பாதியாக வெளிப்படும், கட்டமைப்புப் பகுப்பாய்வில் முழுதாக வெளிப்படும், கான்கிரீட் வடிவமைப்புத் தாளில் அவனைக் கவிழ்த்துவிடும். ஒன்றரை ஆண்டுக்கு முன் செய்த தவறு இப்போது தெரியவருகிறது; அதற்குள் அது எங்கே தொடங்கியது என்பது அவனுக்கே மறந்திருக்கும். ஆய்வகத்திலும் அதே தாமதம். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரத்தை வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால், 28ஆம் நாள்தான் அதன் வலிமையைச் சொல்ல முடியும். எம் 25 என்ற கலவைக்கு, அந்தச் சிறு கட்டி ஏறத்தாழ 57 டன் சுமையைத் தாங்க வேண்டும். நாற்பது டன்னிலேயே நொறுங்கினால், நான்கு வாரத்துக்கு முன்பு தண்ணீரை ஒரு குவளை கூடுதலாக ஊற்றியது யார் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏற்காட்டில் சர்வே முகாம் நடத்தும் சிவில் மாணவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையில் உயரம் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து மட்டக்கருவியோடு தொடங்குகிறார்கள். ஒருவன் கருவிக்குள் பார்க்க, இன்னொருவன் அளவுக்கோலைப் பிடித்தபடி தள்ளி நிற்க, மூன்றாமவள் ஏட்டில் எண்களை எழுத, மேடும் பள்ளமுமாகச் சாலையைச் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும். ஏற்றங்களையும் இறக்கங்களையும் கூட்டிக் கழித்தால் பூச்சியம் வர வேண்டும். வராது. நடுவில் எங்கோ மூடுபனி இறங்கியபோது 1.485 என்பதை 1.435 என்று யாரோ படித்திருப்பார்கள், அல்லது அளவுக்கோல் சற்றுச் சாய்ந்திருக்கும். எது என்று ஏடு சொல்லாது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். இதில் கூட்டல் கழித்தலைத் தாண்டிய கணிதம் எதுவுமில்லை. ஆனாலும் மூன்றாவது சுற்று நடக்கும்போது, இதைச் சுலபம் என்று சொன்ன உறவினர் மேல் வரும் கோபம் சாதாரணமானதாக இருக்காது.

மெக்கானிக்கலின் சுமை, பரப்பின் சுமை. திண்மம், திரவம், வெப்பம், எந்திரங்களின் இயக்கம், உற்பத்தி என்று ஐந்து திசையிலும் போக வேண்டும், எதிலும் நுனிப்புல் மேய முடியாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி பிளஸ் டூ அறிவுக்கே எட்டும். 1824இல் கார்னோ தொடங்கிவைத்து, 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயர் சூட்டிய அளவைக் கொண்டு சொல்லப்படும் இரண்டாம் விதிதான் பலருக்கும் கடைசிவரை மங்கலாகவே இருக்கிறது. எந்திர உறுப்பு வடிவமைப்புத் தாளில், சூத்திரங்களும் அட்டவணைகளும் அடங்கிய டேட்டா புக்கைத் தேர்வு அறைக்குள் எடுத்துப்போகலாம் என்று கேட்டுப் பெற்றோர் மகிழ்வார்கள். தடித்த அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாதவனுக்கு மூன்று மணி நேரமும் புரட்டுவதிலேயே போய்விடும் என்பதை மாணவர்கள் முதல் தேர்வில் கண்டுகொள்கிறார்கள்.

இனி மின்னியல். ட்ரிபிள் இ, இ.சி.இ. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்று: படிக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. உத்தரம் வளைவதைப் பார்க்கலாம், பல்சக்கரம் தேய்வதைக் கேட்கலாம், மின்புலத்தை எதைக் கொண்டு உணர்வது? மாக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட சமன்பாடுகளைப் புரிந்துகொள்ள, மூன்று திசைகளிலும் மாறும் அளவுகளை வகையிடவும் தொகையிடவும் தெரிய வேண்டும். அந்தக் கணிதத்தை மாணவன் முந்தைய ஆண்டில்தான் அரைகுறையாகக் கற்றிருப்பான், சிலசமயம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். நானே மின்காந்தப் புலத் தாளில் ஒருமுறை தோற்றவன் என்பதால் இதை அனுபவத்தோடு சொல்ல முடியும்.

மாறுதிசை மின்சாரத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இந்த முந்தல் பிந்தலைக் கையாள, கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் என்ற கற்பனை எண்ணைப் பயன்படுத்தலாம் என்று 1893இல் ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். பொறியாளர்களுக்கு அது பெரிய விடுதலை. மாணவர்களுக்கோ, இல்லாத எண்ணை வைத்துப் பார்க்க முடியாத ஒன்றைக் கணக்கிடும் வேலை. ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறினாலும் விடை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். தவறு என்று சொல்ல எதுவும் நொறுங்காது, எதுவும் வளையாது, எந்தக் கம்பைலரும் கத்தாது.

இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரின் மகன், மின்சுற்றுத் தாளில் இரண்டு அரியரோடு என்னிடம் வந்தான். எதிர்வினைத் திறன் (ரியாக்டிவ் பவர்) என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடிவிடும். அவன் வீட்டுத் தறிக்கூடத்தையே கரும்பலகையில் வரைந்தோம். மோட்டார்கள் சேர்ந்து 10 கிலோவாட், 415 வோல்ட் மும்முனை இணைப்பு. ஓடும் மின்னோட்டம் எந்த அளவுக்கு வேலைக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டர் 0.7 ஆக இருந்தால் கம்பியில் ஏறக்குறைய 20 ஆம்பியர் ஓட வேண்டும், அதையே 0.95க்கு உயர்த்தினால் 15 ஆம்பியருக்கும் குறைவு போதும். தறியில் நெய்யப்படும் சேலை அதே சேலைதான், வேலையும் அதே வேலைதான். மிச்சமான ஐந்து ஆம்பியர், மோட்டாரின் சுருள்களில் காந்தப்புலத்தை எழுப்பவும் திரும்ப வாங்கவும் கம்பிவழியே வீணாக நடந்துகொண்டிருந்த மின்னோட்டம். மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர், அதைப் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்கிறது. பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "போர்டுல கெபாசிட்டர் மாட்டச் சொல்லி இ.பி.காரர் அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனாரு, சார். நான்தான் ஜங்ஷன் பக்கம் போய் வாங்கிட்டு வந்தேன். அது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றான். அதன்பின் அந்தத் தாள் அவனுக்கு எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறிகளில் தவறுவதை மட்டும் அவனே கண்டுபிடிக்கத் தொடங்கினான், ஏனென்றால் விடையை ஒப்பிட்டுப் பார்க்க இப்போது அவனிடம் ஒரு தறிக்கூடம் இருந்தது.

இ.சி.இ.யில் கண்ணுக்குத் தெரியாதது இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6000 கிலோமீட்டர். சேலத்திலிருந்து டில்லி போய்த் திரும்பினாலும் ஓர் அலை முடியாது. ஆகவே கம்பி வெறும் கம்பி. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அங்கே விரல் நீளக் கம்பியும் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அலை முனையில் மோதித் திரும்பி வருகிறது. முதலாண்டில் படித்த மின்சுற்று விதிகள் அப்படியே செல்லுபடியாவதில்லை. கற்றதை மறந்துவிட்டு மறுபடி கற்கச் சொல்லும் இந்த இடத்தில்தான் நல்ல மாணவர்களும் தடுமாறுகிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு உலோகவியலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது முறையாகாது. கஞ்சமலையில் இரும்புத் தாது, அதன் அடிவாரப் பகுதியில் உருக்காலை, ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் வெட்டுக் குழிகள் என்று இந்த ஊரைச் சுற்றிலும் அந்தப் பாடம் கிடக்கிறது. 1966இல் தொடங்கிய, கருப்பூரில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் ஒரு தனித் துறை. இரும்பு உருகுவது 1538 டிகிரி செல்சியஸில். மேக்னசைட்டைச் சுட்டு எடுக்கும் மக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரிவரை தாங்கும் என்பதால்தான் உருக்கு உலைக்குள் அதில் செய்த செங்கல்லை அடுக்குகிறார்கள். இவ்வளவு இருந்தும், கலந்தாய்வுக்குப் போகும் சேலத்துப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே பட்டியலைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அதன் கடினம் கணிதத்தில் அதிகம் இல்லை. ஒரு படத்தைப் பார்த்து அதன் வரலாற்றைச் சொல்லும் கடினம் அது. உருக்கில் ஒரு சிறு துண்டை வெட்டி, சொரசொரப்பான எமரித் தாளில் தேய்க்க வேண்டும். கோடுகள் ஒரே திசையில் விழுந்ததும் துண்டை 90 டிகிரி திருப்பி, அதைவிட மென்மையான தாளில், பழைய கோடுகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். இப்படி நான்கைந்து தாள்கள் மாறி, கடைசியில் சுழலும் துணித்தட்டில் கண்ணாடிபோல் ஆக்கி, ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் சில நொடிகள் காட்ட வேண்டும். அமிலம் கொஞ்சம் அதிகமானால் பரப்பு கருத்துவிடும். திரும்பவும் எமரித் தாளுக்கே போக வேண்டும். சரியாக வந்தால் நுண்ணோக்கியில் கைரேகைபோல அடுக்கடுக்கான கோடுகள் தெரியும். அதுதான் பியர்லைட். 727 டிகிரிக்குக் கீழே மெல்லக் குளிரும்போது, கிட்டத்தட்ட 0.8 விழுக்காடு கார்பன் உள்ள உருக்கு இப்படிப் பிரிகிறது. அதே துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டிருந்தால் ஊசிகள் சிதறிக் கிடப்பதுபோல் முற்றிலும் வேறு படம். கொல்லுப்பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தெடுப்பவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்ததை, இரும்பு-கார்பன் வரைபடத்தின் வழியே காரணத்தோடு சொல்ல வேண்டும். வேதிப்பொருள் ஒன்றே, ஆனால் குளிர்ந்த வேகம் வேறு என்பதால் பொருளும் வேறு. நேரத்தையும் ஒரு மூலப்பொருளாக எண்ணப் பழகுவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு பிடிக்கிறது.

இத்தனை வேறுபாடுகளையும் தேர்வு முறை சமப்படுத்திவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பழக்கப்பட்ட வினாத்தாள் அமைப்பில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று, மொத்தம் 100. தேர்ச்சிக்கு 50 போதும். ஐந்து யூனிட்டில் மிகக் கடினமான ஒன்றையோ இரண்டையோ அப்படியே விட்டுவிட்டுத் தேறிப்போவது நடக்கக்கூடியதே, நடக்கவும் செய்கிறது. உலோகவியலிலும் கட்டுமானப் பொருள்களிலும் வரும் விளக்க விடைகளை மனப்பாடம் செய்ய முடியும். ஃபூரியர் தொடரையோ பீமின் வளைவுத் திருப்புத்திறனையோ மனப்பாடம் செய்து பயனில்லை. ஆகவே தாள் கடினமா என்ற கேள்வியும் பாடம் கடினமா என்ற கேள்வியும் இரண்டு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. பெற்றோர் கேட்பது முதலாவது. வேலைக்குப் போனபின் மாணவன் எதிர்கொள்வது இரண்டாவது.

யார் படிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் வரைபடத்திலும் பட்டறையிலும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலாண்டு நுண்கணிதத்தைப் படிக்காமலே வந்தவர்கள் என்பதால் மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். தமிழ்வழியில் படித்து வருகிறவனுக்குத் தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்) என்ற சொற்கள் பிளஸ் ஒன்னிலேயே பழக்கம். வகுப்பில் 'ஸ்ட்ரெஸ்' என்று கேட்டதும் மன உளைச்சலைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க நினைத்திருந்ததாக ஒருவன் சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. அவனுக்கு முதலாண்டில் எந்தப் பிரிவும் கடினம், அது பிரிவின் குற்றமன்று.

எல்லாவற்றுக்கும் பிறகும் வரிசை சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களுக்கு என் விடை இது: கருத்தளவில் மின்னியல் சார்ந்த இரண்டும் மேலே, சங்கிலி அறுந்தால் மீள்வது அரிது என்ற கணக்கில் சிவில் அடுத்து, பரப்பால் மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் வாங்குவதற்கு ஓரளவு இலகு, ஆனால் பட்டத்துக்குப் பின் படிப்பு நிற்காத பிரிவு. உலோகவியலை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

இப்போதெல்லாம் சேர்க்கை கேட்டு வருகிறவர்களிடம் வரிசையைச் சொல்வதற்கு முன், மூன்று தாள்களை மேசையில் வைக்கிறேன். ஒன்றில் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல், வரிவரியாகப் பின்தொடர்ந்து விடை சொல்ல வேண்டும். இன்னொன்றில் சுவரில் சாய்ந்த ஏணி, விசைகளை வரைய வேண்டும். மூன்றாவதில் எளிய மின்சுற்று. போன ஆண்டு ஆத்தூரிலிருந்து தந்தையோடு வந்த பெண் ஒருத்தி, நிரலைப் பத்தே நிமிடத்தில் முடித்துத் தள்ளி வைத்தாள். மின்சுற்றையும் ஒப்பேற்றிவிட்டாள். ஏணியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உராய்வு விசையைத் தலைகீழாகப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள், சுவர்ப்பக்கம் ஒரு விசையை விட்டுவிட்டாள். கீழே ஆட்டோ காத்திருக்கிறது என்று தந்தை இரண்டு முறை சொல்லியும் எழுந்திருக்கவில்லை. கட் ஆஃபுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸே கிடைத்திருக்கும், சிவிலில் சேர்ந்திருக்கிறாள்.